கதையும் ஆய்வேடு ஆகட்டும்: உயர்கல்வி அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு உயர்கல்வித் துறை அமைச்சர் அவர்களுக்கு,



விழுப்புரம் அரசு கலைக் கல்லூரிக்கு அறிஞர் அண்ணாவின் பெயர். திண்டிவனம் அரசு கலைக் கல்லூரிக்கு ஆ. கோவிந்தசாமியின் பெயர். செஞ்சி, மயிலம், மரக்காணம், வானூர், விக்கிரவாண்டி என்று சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து டவுன் பஸ் பிடித்து இங்கே ஆங்கில இலக்கியம் படிக்க வரும் பிள்ளைகளில் பலர், தங்கள் வீட்டின் முதல் பட்டதாரிகள். அவர்களுக்காக ஒரு கோரிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். ஆங்கில முதுகலை மாணவர், கடைசிப் பருவத்தில் கொடுக்க வேண்டிய ஆய்வேட்டுக்குப் பதிலாக, விரும்பினால், தானே எழுதிய கதைகளையோ கவிதைகளையோ கொடுக்கலாம். தமிழிலிருந்து தானே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஒரு படைப்பையும் கொடுக்கலாம். இப்படி ஓர் ஆணை வேண்டும்.

இதற்குப் புதுக் கட்டடம் தேவையில்லை. புதுத் துறை தொடங்க வேண்டியதில்லை. விதியில் ஒரு வரி சேர்ந்தால் போதும்.

இப்போது ஆய்வேடு எப்படித் தயாராகிறது என்பதைப் பார்க்க, தேர்வு நெருங்கும் வாரங்களில் ஏதாவது ஒரு கல்லூரிக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் அரை மணி நேரம் நின்றால் போதும். கறுப்பு ரெக்சின் அட்டையில் தங்க எழுத்து. கடைக்காரர் கணினியில் போன வருஷத்து ஃபைலைத் திறக்கிறார். உறுதிமொழி, சான்றிதழ், நன்றியுரை மூன்றும் அப்படியே இருக்க, பெயரும் பதிவெண்ணும் மட்டும் மாறுகின்றன. "தலைப்ப சொல்லும்மா" என்கிறார். டோனி மாரிசன் நாவலில் அடையாளத் தேடல், அனிதா தேசாய் நாவலில் தனிமை என்று ஏதோ ஒன்று. முன்னுரை, நடுவில் மூன்று இயல், முடிவுரை. வாய்மொழித் தேர்வு சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதன் பிறகு அந்த ஏடு துறை அலமாரிக்குப் போய்விடும். அதை மறுபடி எடுத்துப் பார்க்க யாருக்கும் காரணம் இருக்காது.

அந்தப் பிள்ளையைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? மாரிசனைப் பற்றி உலகம் முழுக்க நூலகம் நூலகமாக எழுதியாகிவிட்டது. அந்தப் புத்தகங்களைக் கண்ணால்கூடப் பார்க்காத ஒருத்தியிடம் மாரிசனைப் பற்றிப் புதிதாக ஏதாவது சொல் என்கிறோம். அவள் இணையத்தில் கிடைத்ததை எடுத்து ஒட்டுகிறாள். மரக்காணம் உப்பளத்தில் அம்மாவோடு உப்பு வாரியிருப்பாள். மல்லாட்டை ஆயப் போன இடத்தில் கூலிக்காக நடந்த சண்டையைக் கேட்டிருப்பாள். மேல்மருவத்தூர் தாண்டியிருக்கும் கம்பெனிக்கு வேனில் போய்வரும் அக்காவின் கதை முழுதாகத் தெரிந்திருக்கும். இதையெல்லாம் எழுது என்று அவளிடம் எந்தத் தாளும் கேட்பதில்லை. "படைப்பெழுத்து" என்ற பெயரில் ஒரு விருப்பப் பாடம் பாடத்திட்டங்களில் அங்கங்கே எட்டிப் பார்ப்பதுண்டு. அதிலும் கேள்வி என்னவோ "சிறுகதையின் கூறுகள் யாவை?" என்றுதான் வருகிறது. நீச்சல் பாடத்துக்கு எழுத்துத் தேர்வு வைப்பதுபோல.

படைப்பை ஆய்வேடாக ஏற்பது நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். நூறு ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கிறது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் 1922இல், உயர்பட்டங்களுக்குப் படைப்பிலக்கியத்தையும் ஆய்வேடாக ஏற்பதாக அறிவித்தது. அறிவித்தவர் கார்ல் சீஷோர். அவர் கவிஞரோ நாவலாசிரியரோ அல்லர்; உளவியல் அறிஞர், அங்கே முதுகலைப் பிரிவின் தலைவர். அயோவாவுக்குப் புகழ் தேடித்தந்த எழுத்தாளர் பட்டறை 1936இல்தான் வந்தது. ஆணை முன்னே வந்தது, புகழ் பின்னே வந்தது. இங்கிலாந்தின் கிழக்கு ஆங்லியா பல்கலைக்கழகத்தில் மால்கம் பிராட்பரியும் ஆங்கஸ் வில்சனும் 1970இல் முதுகலைப் படைப்பெழுத்துப் படிப்பைத் தொடங்கியபோது சேர்ந்த மாணவர் ஒரே ஒருவர், பின்னாளில் நாவலாசிரியரான இயன் மெக்யூவன். சில ஆண்டுகள் கழித்து அதே படிப்பில் கசுவோ இஷிகுரோ சேர்ந்தார். 2017இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அயோவா நமக்கும் அந்நிய ஊர் அல்ல. 1973இல் அங்கே நடந்த பன்னாட்டு எழுத்தாளர் நிகழ்வுக்கு அசோகமித்திரன் போய்வந்தார். அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததுதான் அவருடைய "ஒற்றன்". தமிழ் எழுத்தாளரை அழைத்து உட்காரவைத்து எழுதச் சொல்ல அயோவாவுக்குத் தோன்றியிருக்கிறது. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் அது தோன்றக் கூடாதா?

ஆங்கிலத் துறையில் எதற்குத் தமிழ்க் கதை என்று சிலர் முகம் சுளிக்கலாம். நவீனத் தமிழ் இலக்கியத்துக்கு ஆங்கிலத் துறைகள் கொடுத்திருப்பது கொஞ்சநஞ்சமல்ல. நகுலன் திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். இரு மொழியிலும் எழுதினார். புதுக்கவிதைக்குத் தடம் போட்ட சி. மணியும் ஆங்கிலம் கற்பித்தவர். சங்கக் கவிதையை உலகத்தின் கையில் கொடுத்த ஏ. கே. ராமானுஜன் மைசூரில் ஆங்கிலம் படித்தவர். லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் சென்னையிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் ஆங்கில இலக்கியம் படித்தார், ஆர். கே. நாராயணைப் பற்றி எழுதினார்; அதன் பிறகுதான் பாமாவின் "கருக்கு", இமையத்தின் "கோவேறு கழுதைகள்" இரண்டையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார். ஆங்கிலம் படித்ததால் இவர்கள் யாரும் தமிழைவிட்டு விலகிப் போகவில்லை.

இமையம் எழுதுவது எந்த மண்ணை? பழைய தென்னாற்காட்டை. விழுப்புரத்திலிருந்து அவருடைய விருத்தாசலம் எவ்வளவு தூரம்? அவருடைய மனிதர்கள் பேசும் பேச்சு இந்த வகுப்பறைகளில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் வீட்டுப் பேச்சு. ஹோம்ஸ்ட்ராம் இங்கிலாந்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்ததில் பாதி, இவர்களுக்குப் பிறப்பிலேயே தெரியும். பக்கத்தில் மயிலத்தில் வாழ்ந்து 2024இல் மறைந்த இராசேந்திர சோழனின் சிறுகதைகள் இருக்கின்றன. விழுப்புரத்து விழி பா. இதயவேந்தனின் தலித் கதைகள் இருக்கின்றன. விழுப்புரம் அரசுக் கல்லூரியிலேயே தமிழ்ப் பேராசிரியராக இருந்த பழமலய், "சனங்களின் கதை"யில் இந்த வட்டாரத்து மனிதர்களை அவர்கள் பேச்சிலேயே கவிதையாக்கினார். இந்த எழுத்தில் பெரும்பகுதி இன்னும் ஆங்கிலத்துக்குப் போகவில்லை. தமிழ்த் துறைக்கும் ஆங்கிலத் துறைக்கும் நடுவே ஒரு வராந்தாதான் இருக்கிறது. அதைக் கடந்துபோய் ஒரு கதையை மொழிபெயர்த்துவந்தால் மதிப்பெண் உண்டு என்று சொல்லிப் பாருங்கள்.

இதில் அரசுக்கும் ஆதாயம் இருக்கிறது. சென்னையில் 2023 முதல் பன்னாட்டுப் புத்தகக் காட்சி நடத்துகிறீர்கள். தமிழ் நூல்கள் பிற மொழிகளுக்குப் போக மானியம் தருகிறீர்கள். அதே 2023இல் பெருமாள்முருகனின் "பூக்குழி", அனிருத்தன் வாசுதேவனின் மொழிபெயர்ப்பில், பன்னாட்டு புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. ஆனால் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குத் தரமாக மொழிபெயர்ப்பவர்கள் யார் என்று கேட்டால் திரும்பத் திரும்ப அதே சில பெயர்கள்தான் வருகின்றன. மானியம் இருக்கிறது, நூல் இருக்கிறது, ஆள் இல்லை. ஆளை உருவாக்கும் இடம் முதுகலை வகுப்பு. வேலைக்கு வழி என்ன என்று கேட்கும் பெற்றோருக்கும் இது பதிலாகும். இன்று ஆங்கில முதுகலை முடித்தவர் முன்னால் இருப்பவை பி.எட்., ஆசிரியர் தேர்வு வாரியம், நெட், செட், அல்லது வருஷக்கணக்கில் கௌரவ விரிவுரையாளர் வேலை. மொழிபெயர்ப்பும் பதிப்பும் தெரிந்தவருக்கு இன்னொரு கதவு திறக்கும்.

யார் கற்றுக்கொடுப்பது? புதுச்சேரியைப் பாருங்கள், விழுப்புரத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணம். ஏழாம் வகுப்பைக்கூட ஒழுங்காகத் தாண்டாத கி. ராஜநாராயணனைப் புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராக அழைத்து உட்காரவைத்தது. கரிசல்காட்டு விவசாயி பல்கலைக்கழகத்தில் நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டினார். அது குறையென்று எவரும் சொல்லவில்லை. அந்தப் பல்கலைக்கழகத்துக்குத்தான் பெருமை. இப்போது அதற்கு விதியே வந்துவிட்டது. பட்டம் இல்லாவிட்டாலும் துறையில் தேர்ந்தவர்களை, அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் பத்து விழுக்காடு வரை, நடைமுறைப் பேராசிரியர்களாக அமர்த்தலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வழிகாட்டியிருக்கிறது. தென்னாற்காட்டு எழுத்தாளர் ஒருவரும் மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் பருவத்துக்குச் சில வாரங்கள் இந்த இரு கல்லூரிகளுக்கும் வந்து மாணவர்களின் பிரதியோடு உட்கார்ந்தால் போதும்.

எழுத்தைச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்பது பழைய கேள்வி. திறமையைக் கொடுக்க முடியாது. பிரதியை வெட்ட, திருத்த, மறுபடி எழுதப் பழக்க முடியும். மாணவர் முதல் வரைவு, இரண்டாம் வரைவு, இறுதி வடிவம் மூன்றையும் கொடுக்கட்டும். ஏன் இப்படி மாற்றினேன் என்று சில பக்கம் ஆங்கிலத்தில் எழுதட்டும். வாய்மொழித் தேர்வில் அதைச் சொல்லட்டும். செயற்கை நுண்ணறிவு எழுதிக்கொடுக்கும் இந்தக் காலத்தில், மாரிசன் ஆய்வேட்டைவிட இதில்தான் காப்பியடிப்பது கடினம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கிருந்து வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குப் படைப்பெழுத்து முதுகலைக்கு விண்ணப்பிக்க நினைக்கும் பிள்ளைகள் உண்டு. அமெரிக்காவில் கட்டணமும் வாங்காமல் மாதச் செலவுக்கும் பணம் தரும் இடங்கள் இருக்கின்றன. அங்கே முதலில் பார்ப்பது மாணவர் எழுதிய மாதிரிப் பக்கங்களை. நம் மாணவரிடம் அது இருக்காது, ஏனென்றால் ஐந்து ஆண்டுகளில் யாரும் அவரை எழுதச் சொல்லவில்லை. படைப்பு ஆய்வேடு என்று ஒன்று இருந்தால் அதுவே அவருடைய மாதிரிப் பக்கம் ஆகிவிடும்.

அப்படி விண்ணப்பிக்கச் சான்றிதழ் வாங்கும் விஷயம் தனிக் கதை. இந்தக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. 2002இல் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்ததும் அதன் கீழ் போயின. 2021 தொடக்கத்தில் விழுப்புரத்துக்கே தனிப் பல்கலைக்கழகம் என்று சட்டம் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. யார் ஆட்சியில் எது சரி என்ற வழக்குக்கு நான் வரவில்லை. மதிப்பெண் விவரச் சான்றை முத்திரையிட்டு வாங்க, படித்த ஆண்டைப் பொறுத்து ஒருவர் வேலூர்ப் பக்கம் சேர்க்காட்டிலுள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகத்துக்கும் இன்னொருவர் சிதம்பரத்திலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கும் அலைய வேண்டியிருக்கிறது. இரு கல்லூரிகளிலும் இதற்கென ஒரு உதவி மேசை போடுங்கள். பேராசிரியர்களுக்குக் கல்லூரிப் பெயரில் மின்னஞ்சல் முகவரி கொடுங்கள். பரிந்துரைக் கடிதத்தை மாணவரே எழுதி, ஆசிரியரிடம் கையெழுத்தும் வட்ட முத்திரையும் வாங்கி அனுப்பும் வழக்கத்தை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை.

உதவித்தொகையும் அப்படியே. ஒன்றிய சமூகநீதி அமைச்சகம், தன் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா குறித்த சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்குக் கிடையாது என்று 2022இல் விதி மாற்றியது. தலித் இலக்கியத்தை வெளியே போய்ப் படிக்க விரும்பும் தலித் மாணவருக்கு அந்தக் கதவு சாத்தப்பட்டது. தமிழ்நாடு அரசு அண்ணல் அம்பேத்கர் பெயரில் தனக்கென அயலக உயர்கல்வித் திட்டம் வைத்திருக்கிறது. இலக்கியம், மொழிபெயர்ப்பு, படைப்பெழுத்து மூன்றும் அதற்குத் தகுதியான படிப்புகள் என்று ஐயத்துக்கு இடமில்லாமல் பெயர் சொல்லி எழுதிவையுங்கள்.

இவை எல்லாவற்றிலும் முதலில் கேட்டதுதான் முதல் வேலை. தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் தலைவர் நீங்கள். 2023இல் மாநிலத்துக்கெல்லாம் பொதுப் பாடத்திட்டம் வகுத்த மன்றம் அது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் குழுவோடு ஒரு முறை உட்கார்ந்து, இரண்டே கல்லூரிகளில், விருப்பம் உள்ள மாணவர்களுக்கு மட்டும் மூன்றாண்டு நடத்திப் பாருங்கள். சரியாக வராவிட்டால் நிறுத்திவிடலாம். பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை.

"வேலைக்காரி"யும் "ஓர் இரவு"ம் எழுதிய அண்ணா, எழுத்தையும் பேச்சையும் நம்பி ஆட்சியைப் பிடித்தவர். அவர் பெயரைத் தாங்கிய கல்லூரியில் ஒரு பிள்ளை கதை எழுதிப் பட்டம் வாங்குவதற்கு நாம் யாரிடம் தயங்க வேண்டும்? வரும் கல்வியாண்டுக்கு முன் ஆணை பிறப்பியுங்கள்.

இப்படிக்கு,
திண்டிவனத்திலிருந்து
ஓர் ஆங்கில முதுகலைப் பட்டதாரி