யாருடைய பொதுப்புத்தி?

ஒருவர்மேல் வழக்குப் போட்டால் அவர் 'ஆமாம்' என்றோ 'இல்லை' என்றோ பதில் சொல்லியே ஆகவேண்டும் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அமெரிக்க ஃபெடரல் நீதிமன்றங்களில் பதிலே சொல்லாமல் நழுவிப் போக ஒரு வாசல் இருக்கிறது. அங்கே படிக்கவும் வேலைக்கும் போகிற நம் தோழர்கள் பெருகிவிட்டார்கள். சாதியும் அவர்களோடு விமானம் ஏறிவிட்டது. ஆகவே அந்த வாசலைப் பற்றி நாம் பேசித்தான் ஆகவேண்டும்.

1938இல் நடைமுறைக்கு வந்த ஃபெடரல் உரிமையியல் நடைமுறை விதிகளில் எட்டாவது விதி, பிராது எப்படி இருக்கவேண்டும் என்று சொல்கிறது. தனக்கு நிவாரணம் பெற உரிமை உண்டு என்பதை வாதி சுருக்கமாகவும் எளிமையாகவும் காட்டினால் போதும். இந்த விதிக்கு உயிர் கொடுத்தவர்கள் யார் தெரியுமா? ஹூஸ்டன் நகரின் கறுப்பினத் தொழிலாளர்கள். 45 வேலைகளை ஒழித்துவிட்டதாக ரயில்வே நிர்வாகம் அறிவித்தது. அவற்றிலிருந்த கறுப்பர்களை நீக்கிவிட்டு, அல்லது கீழிறக்கிவிட்டு, அதே வேலைகளில் வெள்ளையரை உட்கார வைத்தது. தொழிற்சங்கம் வாய்மூடி நின்றது என்பது அவர்கள் புகார். புகாரில் விவரம் போதாது, தள்ளுபடி செய்யுங்கள் என்றது சங்கம். 1957இல் கான்லி எதிர் கிப்சன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. எந்த உண்மையை நிரூபித்தாலும் வாதிக்கு நிவாரணம் கிடைக்காது என்பது ஐயமின்றித் தெரிந்தால் ஒழிய, பிராதைத் தள்ளக்கூடாது என்றது. விவரங்களை டிஸ்கவரியில், அதாவது எதிராளியின் ஆவணங்களைக் கேட்டு வாங்கும் கட்டத்தில், எடுத்துக்கொள்ளலாம்.

ஐம்பது ஆண்டுகள் அந்தக் கதவு திறந்திருந்தது. 2007இல் பெரிய தொலைபேசி நிறுவனங்கள்மேல் போடப்பட்ட டுவாம்ப்ளி வழக்கில் அது பாதி சாத்தப்பட்டது. டிஸ்கவரிக்குச் செலவு அதிகம், ஆகவே புகார் 'நம்பத்தக்கதாக' இருக்கவேண்டும் என்றார்கள். 2009இல் இக்பால் வழக்கில் எல்லா உரிமையியல் வழக்குகளுக்கும் இதுவே அளவுகோல் என்றாகிவிட்டது.

ஜாவேத் இக்பால் பாகிஸ்தானைச் சேர்ந்த முஸ்லிம். செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு ஆவணக் குற்றச்சாட்டில் கைதாகி, புரூக்ளின் சிறையின் உச்சக் காவல் பிரிவில் அடைக்கப்பட்டவர். தன் மதத்தையும் இனத்தையும் பார்த்தே அங்கே அடைத்தார்கள், அட்டர்னி ஜெனரல் ஆஷ்கிராஃப்டும் எஃப்.பி.ஐ. தலைவர் முல்லரும் இதை அறிந்தே அனுமதித்தார்கள் என்று வழக்குப் போட்டார். ஐந்து நீதிபதிகள் நான்கு பேரை எதிர்த்து அந்தப் புகார் போதாது என்றார்கள். தாக்கியவர்கள் அரபு முஸ்லிம்கள், ஆகவே விசாரணையின் சுமை அரபு முஸ்லிம்கள்மேல் விழுந்ததில் வியப்பில்லை என்று எழுதினார் நீதிபதி கென்னடி. (இக்பால் அரபியரே இல்லை. அந்தப் பொதுப்புத்திக்கு அது கண்ணில் படவில்லை.) டுவாம்ப்ளி தீர்ப்பை எழுதிய நீதிபதி சூட்டரே இதில் மாறுபட்டார் என்றால், எவ்வளவு தூரம் போய்விட்டார்கள் என்று பாருங்கள்.

அமைச்சர் அறையில் என்ன பேசினார்கள் என்பது சிறையில் கிடப்பவனுக்கு எப்படித் தெரியும்? அது அவர்கள் மேசை இழுப்பறையில் இருக்கிறது. இழுப்பறையைத் திறக்க டிஸ்கவரி வேண்டும். டிஸ்கவரிக்குப் போக, இழுப்பறைக்குள் இருப்பதை முன்கூட்டியே எழுதிக் காட்டவேண்டும்!

எது நம்பத்தக்கது என்று எதை வைத்து முடிவு செய்வது? நீதிபதி தன் அனுபவத்தையும் பொதுப்புத்தியையும் கொண்டு முடிவு செய்யவேண்டும் என்கிறது அதே தீர்ப்பு. இங்கேதான் நமக்கு நெஞ்சு பதைக்கிறது. 'சொந்த ஊர் எது? ஊருக்குள்ளேயா, வெளியிலேயா?' 'வீட்டில் சைவமா?' தோளில் கைபோட்டு, முதுகைத் தடவி, சட்டைக்குள் பூணூல் இருக்கிறதா என்று தேடும் விரல்கள். இவை என்னவென்று நமக்கு விளக்கவேண்டியதில்லை. சாதியைக் கண்ணால் பார்த்திராத ஒரு நீதிபதிக்கு இது சக ஊழியர்களின் அன்பான விசாரிப்பு. அதற்கடுத்த மாதம் பதவி உயர்வு போனதற்கு 'வெளிப்படையான வேறு காரணம்' ஒன்றை நிறுவனத்தின் வக்கீல் எடுத்து வைப்பார்.

போதாததற்கு, 1964ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் சட்டத்தின் ஏழாம் தலைப்பில் இனம், நிறம், மதம், பால், தேசியப் பூர்வீகம் உண்டு. சாதி என்ற சொல் இல்லை. கலிஃபோர்னியாவில் 2023இல் சட்டமன்றம் நிறைவேற்றிய சாதித்தடை மசோதாவை ஆளுநர் நிராகரித்தார். சிஸ்கோ நிறுவனத்தின்மேல் 2020இல் சாதிப்பாகுபாட்டு வழக்கைத் தொடுத்தது, புகாரை விசாரிக்கும் அதிகாரமுள்ள ஒரு மாநில அரசுத் துறை. தனியாளாக நிற்கும் பொறியாளருக்கு அந்த அதிகாரத்தை யார் தருவார்?

வெட்டி வழக்குகளைத் தடுக்கவேண்டாமா என்று கேட்பார்கள். அதற்குத்தான் பதினோராவது விதி இருக்கிறதே. ஆதாரமில்லாமல் கையெழுத்துப் போடும் வக்கீலைத் தண்டிக்கலாம். அதை விட்டுவிட்டு, அடிபட்டவனின் வாயை ஏன் அடைக்கிறீர்கள்?

எதிராளிக்கு என்ன கடமை என்று பாருங்கள். சம்மன் கிடைத்த 21 நாளில் எதிருரை தரவேண்டும். முறைப்படியான சம்மன் வேண்டாமென்று ஒப்புக்கொண்டால் 60 நாள். பிராதின் ஒவ்வொரு குற்றச்சாட்டையும் ஒப்புக்கொள்ளவோ மறுக்கவோ வேண்டும். இழப்பீட்டுத் தொகை நீங்கலாக, மறுக்காதது ஒப்புக்கொண்டதாகும். அருமையான விதி. ஆனால் பன்னிரண்டாவது விதியின்கீழ் தள்ளுபடி மனு போட்டுவிட்டால் அந்தக் கடிகாரம் நின்றுவிடும். மனு வென்றால், 'நீ அவரிடம் சாதி கேட்டாயா?' என்ற கேள்விக்கு அவர்கள் வாழ்நாளில் பதில் சொல்லவேண்டாம். நாம் சொன்ன வாசல் இதுதான்.

இந்த அளவுகோல் ஒழியவேண்டும் என்பதே நம் நிலைப்பாடு. அதுவரை பிராதை அந்த நீதிபதிக்குப் புரியும்படி எழுதவேண்டியிருக்கிறது. தேதி, இடம், சொன்ன சொல், அதே வேலையிலிருந்த மற்றவருக்குக் கிடைத்தது எல்லாம் அன்றன்றைக்கே குறித்து வையுங்கள். தள்ளுபடி மனு வந்தால் 21 நாளுக்குள் ஒருமுறை அனுமதி கேட்காமலே பிராதைத் திருத்தலாம். ஏற்கெனவே திருத்தியிருந்தால் அந்த வாய்ப்பு போய்விடும். முதுகைத் தடவிய கை எதைத் தேடியது, ஊருக்கு வெளியே இருப்பது யார் என்பதைத் தனித்தனிப் பத்திகளாக, எண் போட்டு, பிராதிலேயே எழுதுங்கள் தோழர்களே. நமக்குத் தெரிந்ததுதானே என்று ஒரு வரியையும் விட்டுவிடாதீர்கள்.