மெயிலுக்கும் ஒரு ஜெராக்ஸ் வேண்டாமா?

மார்க் ஷீட்டை லேமினேட் செய்து, கூடவே நாலு ஜெராக்ஸும் எடுத்து பீரோவில் பூட்டி வைப்பவர்கள் நம்மூரில் ஏராளம். ஆனால் வேலைக்கான ஆஃபர் லெட்டர், கட்டிய ஃபீஸுக்கு ரசீது, வங்கி அனுப்பிய ஸ்டேட்மென்ட் எல்லாம் மெயிலில்தான் வருகின்றன. அவற்றுக்கு மட்டும் நகல் கிடையாது. கேட்டால், "அதான் ஜிமெயில்லயே இருக்கே!" என்பார்கள்.

இருக்கிறதுதான். ஆனால் அது இருப்பது வேறொருவர் வீட்டுப் பரணில்.

2011 பிப்ரவரியில் கூகுள் செய்த ஒரு மென்பொருள் மாற்றத்தில் கோளாறு ஏற்பட்டு, ஜிமெயில் பயனர்களில் சுமார் 0.02 சதவீதம் பேரின் பெட்டிகள் காலியாகத் தெரிந்தன. வெவ்வேறு டேட்டா சென்டர்களில் வைத்திருந்த நகல்களையும் அந்தக் கோளாறு விட்டுவைக்கவில்லை. கடைசியில் கைகொடுத்தது எது தெரியுமா? பழைய பாணி காந்த நாடா. எந்த சர்வரோடும் இணைக்காமல் தனியாக வைத்திருந்ததால் அது தப்பித்தது. கூகுளே தனி நகல் வைத்துப் பிழைத்தது என்றால், மற்றவர்கள் எம்மாத்திரம்?

இது அபூர்வமான விபத்து. அடிக்கடி நடப்பது வேறு. இரண்டு ஆண்டுகள் எட்டிப் பார்க்காத தனிநபர் கணக்குகளை நீக்கும் விதியை 2023 டிசம்பர் முதல் கூகுள் நடைமுறைப்படுத்துகிறது. இலவசமாகத் தரும் 15 ஜிபி நிரம்பிவிட்டால் புது மெயில் வராது. டிராஷில் போட்டது 30 நாளில் போய்விடும். கல்லூரி கொடுத்த மெயில் ஐடியோ இன்னும் மோசம். படிப்பு முடிந்தபின் கல்லூரி அதை மூடினால், இன்டர்ன்ஷிப் சான்றும் பேராசிரியரின் பரிந்துரைக் கடிதமும் அதோடு போகும்.

"மொபைலிலும் லேப்டாப்பிலும் வருகிறதே, அது நகல் இல்லையா?" இல்லை. ஐமேப் முறையில் அது வெறும் கண்ணாடி. சர்வரில் அழித்தால் இங்கேயும் அழியும்.

இதற்குப் பெரிய தொழில்நுட்ப அறிவு தேவையில்லை. கூகுள் டேக்அவுட் பக்கத்தில் மெயிலை மட்டும் தேர்வு செய்தால், எல்லாம் எம்பாக்ஸ் கோப்பாகக் கிடைக்கும். தண்டர்பேர்ட் என்ற இலவச மென்பொருளில் அதைத் திறந்து படிக்கலாம். கல்லூரிக் கணக்கில் இந்த வசதியை முடக்கியிருந்தால், முக்கியமான மெயில்களை மட்டும் பிடிஎஃப் ஆக்கிக்கொள்ளலாம். பென் டிரைவ் ஒன்று, வீட்டுக் கணினி ஒன்று என இரண்டு இடத்தில் வைப்பது நல்லது. செமஸ்டருக்கு ஒருமுறை செய்தால் போதும்.

காமர்ஸ் மாணவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு கம்பெனி தன் கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகள் காக்க வேண்டும் என்கிறது 2013 கம்பெனிகள் சட்டத்தின் 128ஆம் பிரிவு. கணக்கு மின்னணு வடிவில் இருந்தால், அதன் காப்பு நகலை இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் எடுத்து வைக்க வேண்டும் என்று 2022ல் விதியும் திருத்தப்பட்டது. பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்குகிறவர் தன் சொந்த ரசீதுகளுக்கு ஒரே ஒரு நகல்கூட எடுப்பதில்லை!

கம்பெனி தவறினால் அதற்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு அபராதம் உண்டு. தனிமனிதருக்கு அபராதமில்லை. ஆனால் வேலைக்குச் சேரும் நாளில் "அந்த மெயில் எங்கே?" என்று கேட்கும்போது காட்ட ஒன்றும் இருக்காது. அதற்கு அபராதமே தேவலை.