ஒற்றை யானை ரவுடியா?

தோட்டத்தில் புகுந்த ஒற்றை ஆண் யானையை 'ரவுடி' என்று ஏசுகிறோம். திரைப்படத்தில் பத்துப் பேரை அடிக்கும் கதாநாயகனை 'ஒற்றை யானை' என்று மெச்சிக் கைதட்டுகிறோம். இரண்டும் சரிதானா?

கோவையை அடுத்த தடாகம் பகுதியில் திரிந்த சின்னத்தம்பியை அறிவீர்கள். 2019 ஜனவரியில் அதைப் பிடித்து டாப்சிலிப் பக்கத்துக் காட்டில் விட்டார்கள். சில நாட்களில் அது உடுமலைப் பக்கம் இறங்கிக் கரும்புத் தோட்டத்தில் நின்றது. முரட்டுத்தனமா? வளர்ந்த யானைக்கு நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் தீனி வேண்டும். காட்டில் நாளெல்லாம் தேட வேண்டியது தோட்டத்தில் சில மணி நேரத்தில் கிடைக்கிறது. விவசாயியின் நட்டம் பெரிதுதான். ஆனால் காரணம் பசி, பகையன்று.

தென்னாப்பிரிக்காவின் பிலானஸ்பர்க் பூங்காவில், பெரிய யானைகளின் துணையின்றி வளர்ந்த இளம் ஆண் யானைகள் 1990-களில் 40-க்கும் மேற்பட்ட காண்டாமிருகங்களைக் கொன்றன. 1998-இல் முதிர்ந்த ஆண் யானைகள் 6 அங்கே கொண்டுவரப்பட்டன. இளசுகளின் மதம் தணிந்தது, கொலையும் நின்றது. வன்முறைதான் ஆண்மை என்றால், ஆண்கள் கூடியபோது கொலை பெருகியிருக்க வேண்டுமல்லவா?

மனிதன் யானையல்லன். ஏழைகளில் மிகப் பெரும்பாலோர் நேர்மையாகவே வாழ்கிறார்கள். ஆயினும், ஓர் இளைஞன் குற்றம் செய்தால், 'பிறவி முரடன்' என்று முத்திரை குத்துமுன், அவன் வயிறு நிறைந்ததா, வழிகாட்டப் பெரியவர் இருந்தாரா என்று கேளுங்கள். குற்றத்தை மறைக்க அல்ல. மறுபடி நேராமல் தடுக்க. காரணத்தைத் தேடுவதன்றோ அறிவியல்!