சுடர் இல்லையென்றால் எரிதல் இல்லையா?

ஆயக்குடியைக் கடந்து பழனி வழியாகக் கொடைக்கானலுக்கு ஏறும் படுக்கை வசதி வேனுக்கு 3 கிலோவாட் வினையூக்கி வெப்பமூட்டியே ஏற்றது என்றும், அதில் சுடர் எழாததால் சன்னலை அடைத்து உறங்கலாம் என்றும் கூறும் வாதம் இரண்டு பகுதியிலும் பிழையானது, இரண்டாம் பகுதியில் உயிருக்கே ஆபத்தானது. வினையூக்கி வெப்பமூட்டி என்பது பிளாட்டினம் ஏற்றிய நாரடுக்கில் எரிவாயுவைத் தழலின்றி ஆக்சிசனோடு வினைபுரியச் செய்யும் கருவி. அங்கே மறைவது சுடரே தவிர எரிதல் அன்று.

3.5 மீட்டர் நீளமும், 1.7 மீட்டர் அகலமும் உயரமும் கொண்ட வேனின் சுற்றுப்பரப்பு சுமார் 30 சதுர மீட்டர் என்பதால், ஓரளவு வெப்பக்காப்பு இருந்தால் வெளியைவிட 10 பாகை கூடுதல் வெப்பத்திற்கு 600 வாட் போதும். காற்றோட்ட இழப்பைச் சேர்த்தாலும் தேவை 1 கிலோவாட்டைத் தாண்டாது. அந்த 1 கிலோவாட்டே எட்டு மணி நேரத்தில் சுமார் 600 கிராம் எரிவாயுவை எரித்து, ஏறக்குறைய 1 லிட்டர் நீரை ஆவியாக வெளியிடுகிறது. விடியலில் கூரைத் தகட்டிலிருந்து போர்வைமேல் சொட்டுவது அந்த நீரே. இந்த எரிதலுக்குத் தேவைப்படும் 2 கிலோவுக்கு மேற்பட்ட ஆக்சிசன், 2,100 மீட்டர் உயரத்தின் மெலிந்த காற்றில், அடைத்த வேனுக்குள் உள்ள மொத்த ஆக்சிசனுக்கு ஏறக்குறைய சமம். 3 கிலோவாட் கருவியோ அதே அளவை மூன்று மணி நேரத்திற்குள் கேட்கும். ஆக்சிசன் குறையக் குறைய, மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு உருவாகத் தொடங்கும். ஆகவே சிறிய கருவியோடு, தரையருகே ஒன்றும் கூரையருகே ஒன்றுமாக இரு திறப்புகளும் இரவு முழுவதும் திறந்தே இருக்க வேண்டும்.