உறக்கத்தைப் பறிக்கும் உத்தரவு

1942ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள், பிரிட்டிஷ் படையின் கடைசிச் சிப்பாய்களும் ஜோகூர் நீரிணையைக் கடந்து சிங்கப்பூருக்குள் பின்வாங்கி, தங்களுக்குப் பின்னே கடற்பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தபோது, டிசம்பர் 8ஆம் நாள் கோத்தா பாரு கடற்கரையில் இறங்கிய ஜப்பானியர் இரண்டு மாதத்துக்குள்ளாகவே தீபகற்பம் முழுவதையும் வசப்படுத்தி முடித்திருந்தனர். பின்னர் ஜப்பானியப் படைத்தளபதி ஜெனரல் யமாஷிட்டா புக்கிட் செரீன் அரண்மனைக் கோபுரத்தில் இருந்தபடி எதிர்க்கரையை நோட்டமிட்டு அடுத்த தாக்குதலை நடத்திய கதை ஜோகூர்வாசிகளுக்குப் புதிதன்று. அந்த வேகத்துக்குச் சைக்கிள்களையும் நல்ல சாலைகளையும் காரணம் காட்டும் நம் சரித்திர நூல்கள், அந்தப் படையை அனுப்பிய தேசத்தில் அதே 1941ஆம் ஆண்டில் ‘ஹிரோப்போன்’ என்ற பெயரில் ஒரு மாத்திரை விற்பனைக்கு வந்ததைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. மலாயாவின் வீழ்ச்சியை அந்த மாத்திரையின் மீது ஏற்றிச் சொல்வது என் நோக்கமன்று. ஆயினும், மனித தேகத்தை இயற்கையின் எல்லைக்கு அப்பாலும் ஓட்டலாம் என்று நம்பிய ஒரு யுகத்தின் சித்தாந்தம் அந்தச் சிறு மாத்திரையில் அடங்கியிருந்தது என்பதை மறுக்க இயலாது.

அதன் சத்து மெத்தாம்பெட்டமின். ஜப்பானிய ரசாயன அறிஞர் நாகாய் 1893ஆம் ஆண்டிலேயே இதை உருவாக்கினார். மூளையில் உற்சாகம் தரும் ரசாயனங்களை ஒரேயடியாகத் திறந்துவிட்டு, பசியையும் நித்திரையையும் அச்சத்தையும் மறக்கடிக்கும் இந்த ஔஷதம், சக்தி எதையும் புதிதாகப் படைப்பதில்லை. தேகம் நாளைக்கென வைத்திருப்பதை இன்றைக்கே எடுத்துச் செலவழிக்கச் செய்து, பின்னர் கந்துவட்டிக்காரனைப் போல் வாசலில் வந்து நிற்கிறது. இரவில் பறக்கும் விமானிகளுக்கும், ஆயுதத் தொழிற்சாலைகளில் ஓய்வின்றி உழைத்தவர்களுக்கும், யுத்தத்தின் இறுதியில் திரும்பி வராத பயணம் புறப்பட்ட இளம் விமானிகளுக்கும் ஜப்பானிய சர்க்கார் இதை வழங்கியது. ஜெர்மனியின் செய்கை இன்னும் விசித்திரமானது. 1940ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஜூலைக்குள் மெத்தாம்பெட்டமின் மாத்திரையான பெர்விட்டினும் அதையொத்த இன்னொன்றுமாக 3 கோடியே 50 லட்சத்துக்கும் அதிகமான மாத்திரைகளைத் தன் படைகளுக்கு அனுப்பிய அந்தத் தேசம், மறு வருஷமே அதே பொருளை அபின் சட்டத்தின் கட்டுக்குள் கொண்டுவந்தது. பிரஜைகளுக்கு விஷமென்று தெரிந்த பிறகும் சிப்பாய்களுக்கு அதன் விநியோகம் நின்றபாடில்லை. எதிரணியில் நின்ற பிரிட்டனும் அமெரிக்காவும்கூட அதே இனத்து ஊக்கமருந்தான பென்செட்ரினைத் தம் வீரர்களுக்குக் கொடுத்தன. ஆகையால் இதில் கைசுத்தமானவர் எவருமில்லை.

போர்க்களத்தில் மயக்கப்பொருள் ஆதிகாலந்தொட்டு உண்டே, நம் பழந்தமிழ் மறவர்கள் கள்ளருந்தவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. அருந்தினார்கள்தான். ஆனால் ஆநிரை கவர்ந்து மீண்ட வீரர் கூடிக் கள்ளுண்டு களிப்பதை ‘உண்டாட்டு’ என்று ஒரு துறையாகவே வகுத்த நம் முன்னோர், அதை வெற்றிக்குப் பின்வரும் விருந்தாக வைத்தார்கள். அதியமான் கள்ளைப் பிறரோடு பகிர்ந்துண்டவன் என்று ஔவையார் அவன் மறைவுக்குப் பின் நினைந்து உருகியதைப் புறநானூறு படித்தவர் அறிவர். அங்கே கொடுப்பவனும் குடிப்பவனும் ஒரே பந்தியில் அமர்ந்திருந்தார்கள். மாத்திரையை வழங்கும் அதிகாரியோ, எத்தனை மணி நேரம் ஒருவனை விழித்திருக்கச் செய்தால் எத்தனை மைல் முன்னேறலாம் என்று கணக்குப் பார்ப்பவன். விழுங்குகிறவனுடைய மறுநாள் அந்தக் கணக்கில் சேர்வதேயில்லை.

அந்த மறுநாளை ஜப்பான் கண்கூடாகக் கண்டது. தோல்விக்குப் பின் ராணுவக் கிடங்குகளில் தேங்கிக் கிடந்த சரக்கு சந்தைக்கு வந்து, வேலையும் வீடும் இழந்த ஜனங்களைப் பற்றிக்கொண்டது. 1951இல் தனிச்சட்டம் இயற்றியும் அடங்காமல், 1954ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் 55 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். கொடுத்த கை எது என்று அந்த வழக்குகளில் எவரும் விசாரித்ததில்லை. பிற்காலத்திலும் இதே கதைதான். 2002ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆப்கானிஸ்தானத்தின் கந்தஹார் அருகே, இரவுப் பயிற்சியில் இருந்த நட்பு நாட்டுப் படையினர் மீதே அமெரிக்க விமானி ஒருவர் குண்டு வீசி, நான்கு கனடியச் சிப்பாய்கள் மாண்டபோது, விமானப்படையே தந்த டெக்செட்ரின் என்ற ஊக்க மாத்திரை அவருடைய நிதானத்தைக் கெடுத்திருக்கலாம் என்று அவர் தரப்பு வழக்கறிஞர்கள் வாதாடினார்கள். தண்டனை விமானிக்குத்தான், மாத்திரை வழங்கிய ஏற்பாடு கூண்டேறவில்லை.

இதையெல்லாம் ஜோகூரில் இருந்துகொண்டு இன்று நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. அன்று சிப்பாயின் சட்டைப்பையில் இருந்த அதே சத்துதான் இன்று ‘சியாபு’ என்றும் ‘பில் கூடா’ என்றும் நம் தாமான்களிலும் லோரி நிறுத்தங்களிலும் கைமாறுகிறது. பாசிர் கூடாங், தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகங்களிலிருந்து சரக்கேற்றிக்கொண்டு வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் விடிய விடிய வண்டி ஓட்டுகிறவரும், பகல் ஷிஃப்ட் முடிந்த கையோடு இரவு ஷிஃப்டுக்கும் நிற்கிறவரும் களியாட்டத்துக்காக அதைத் தேடுவதில்லை. நடை குறைந்தால் கூலி குறையும் என்பதால், கண் சொக்காதிருக்க விழுங்குகிறார்கள். அவர்களுக்குச் சேனாதிபதி இல்லை, உத்தரவு மாத்திரம் இருக்கிறது. அகப்பட்டால், 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 15ஆம் பிரிவு, 5,000 ரிங்கிட் வரை அபராதமோ இரண்டாண்டு வரை சிறையோ விதிக்கிறது. அந்தக் குடும்பத்தின் வருமானமும் அன்றோடு நின்றுவிடுகிறது.

போதையேறிய ஓட்டுநர் சாலையில் எமன் என்பதை நான் மறுக்கவில்லை. அவரைத் தடுத்தே ஆக வேண்டும். ஆனால் பழக்கத்தில் விழுந்தவருக்குச் சிறைக்கு முன்பாகச் சிகிச்சையும், சிகிச்சைக்குப் பின் மீண்டும் ஒரு வேலையும் கிடைக்க வேண்டும் என்பதில் தயக்கத்துக்கே இடமில்லை. விபத்து நடந்த இடத்தில் ஓட்டுநரின் சிறுநீரைச் சோதனைக்கு எடுக்கும் அதிகாரிகள், அதற்கு முந்தைய மூன்று நாள்களில் அவர் எத்தனை மணி நேரம் வண்டி ஓட்டினார், எத்தனை மணி நேரம் உறங்கினார் என்பதைக் காட்டும் பதிவேட்டையும் முதலாளியிடம் கேட்டு வாங்கி, இரண்டையும் ஒன்றாகவே நீதிபதியின் முன் வைக்கட்டும்.