ஊருக்குப் போக என்னென்ன வேண்டும்?

தென்னமெரிக்க நாடுகள் சிலவற்றுக்குச் செல்ல விரும்புவோர்முன் நீண்டதொரு பட்டியல் வைக்கப்படுவதுண்டு. கடவுச்சீட்டு, விசா, மஞ்சட் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று, வாகனம் ஓட்டுவதாயின் சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம். யாழ்ப்பாணத்தவருக்கு இதிலே வியப்பதற்கு ஒன்றுமில்லை. சொந்த ஊருக்குப் போய் வருவதற்கே இதனிலும் நீண்ட பட்டியலைச் சுமந்தவர்கள் நாம்.

1990களின் முற்பாதியில் குடாநாட்டைவிட்டு வெளியேற விடுதலைப் புலிகளின் 'பாஸ்' வேண்டும்; அதற்குப் பிணை நிற்க ஆள் வேண்டும்; கிளாலிக் கடலை இரவில் படகேறிக் கடக்கும் துணிவும் வேண்டும். 1996இல் குடாநாடு இராணுவத்தின் வசமான பின்னர் பாதுகாப்புத் தரப்பின் அனுமதியும் திருகோணமலைக் கப்பலும் என்றாயிற்று. 2002 ஏப்ரலில் ஏ-9 வீதி திறக்கப்பட்டபோது, ஒரே பயணத்தில் இரு தரப்பினரிடமும் பெட்டியைத் திறந்து காட்டினோம். வன்னியிலே புலிகளின் காவல்துறையினர் வேகத்தை அளந்து தண்டம் அறவிட்டனர். அந்த ஒழுங்கை இன்றும் சிலாகிப்போர் உளர். அதே வீதியில் கொடுத்த வரியைச் சொல்லத்தான் மறந்துவிடுகிறார்கள். 2006 ஓகஸ்ட் 11இல் முகமாலையில் சண்டை வெடிக்க வீதி மூடுண்டது. போர் முடிந்த பிறகும், வெளிநாட்டுக் கடவுச்சீட்டுடன் வடக்கே வருவோருக்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி தேவை என்ற விதி 2014 ஒக்ரோபரில் மீண்டும் கொணரப்பட்டு, 2015 ஜனவரியில் ஆட்சி மாறியதும் நீக்கப்பட்டது.

இன்று அந்தத் தடைகள் இல்லை. 2019இல் பலாலி சர்வதேச விமான நிலையமாயிற்று. 2023 ஒக்ரோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் வந்தது. வழி திறந்ததில் மகிழ்ச்சியே. ஆயினும், நியாயமான நிபந்தனைகளையும் பழைய கெடுபிடிகளின் எச்சமாக எண்ணி அலட்சியம் செய்யும் மனப்போக்கொன்று நம்மவரிடையே வளர்ந்துள்ளது. அதுவே என் கவலை.

சுகாதாரத்தை எடுத்துக்கொள்வோம். 2016 செப்டெம்பரில் இலங்கையை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதன்பின்னும் வெளிநாட்டிலிருந்து நோயுடன் வந்தோர் கண்டறியப்பட்டே வருகின்றனர். இந்திய நகரங்களில் மலேரியா பரப்பும் நுளம்பினம் மன்னாரிலே கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. கிணறுகளிலும் தண்ணீர்த் தொட்டிகளிலும் பெருகக்கூடியது அது. வீட்டுக்கு வீடு கிணறுள்ள குடாநாட்டில் இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. ஆபிரிக்காவிலோ இந்தியாவிலோ தங்கிவிட்டு வருபவர், காய்ச்சல் கண்டதும் தாம் சென்ற நாட்டை வைத்தியரிடம் முதலிற் சொல்லல் வேண்டும். சொல்லாவிடின் டெங்கு என்று மட்டுமே தேடிக்கொண்டிருப்பார்கள்.

வாகனத்தின் கதை இன்னும் மோசம். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கனடாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் சுவிஸிலிருந்தும் வருபவர்கள், வீதியின் வலப்புறம் ஓட்டிப் பழகிய கையோடு, மைத்துனரின் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார்கள். வெளிநாட்டு அனுமதிப்பத்திரம் மட்டும் இங்கே போதாது. அதற்கு உள்நாட்டு அங்கீகாரமோ தற்காலிக அனுமதிப்பத்திரமோ பெற வேண்டும். அது இல்லாமல் விபத்து நேரின் காப்புறுதி கைவிடக்கூடும்; அடிபட்ட கூலித்தொழிலாளியின் குடும்பம் யாரிடம் போகும்? போதாக்குறைக்குப் புகையிரதக் கடவைகள். 1990இல் நின்ற ரயில் 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பியது. தண்டவாளம் கண்டால் நின்று பார்க்கும் பழக்கம் இடையில் ஒரு தலைமுறைக்கே இல்லாமற் போயிற்று. காவலாளியற்ற கடவைகளில் உயிர்கள் போயின.

அரசாங்கத்தின் மீதும் பிழை உண்டு. தற்காலிக அனுமதிப்பத்திரத்துக்காக வெளிநாட்டார் கொழும்புப் பக்கம் வெரஹெரவுக்கு அலைய வேண்டியிருந்தது. இரண்டு வாரம் நிற்க வருபவர் அதற்காக இரண்டு நாளைச் செலவிடுவாரா? 2025 ஓகஸ்ட்டில் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே அதனை வழங்கத் தொடங்கியது நல்ல காரியம். பலாலியிலும் காங்கேசன்துறையிலும் வந்திறங்குவோருக்கும் அவ்விடத்திலேயே அது கிடைக்கச் செய்ய வேண்டும். ஒரு மேசையும், ஒரு கணினியும், தமிழறிந்த ஓர் அலுவலரும் போதும். வடக்கின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அடுத்த அமர்விலே இதைக் கேட்கட்டும்.