பாட்டனாரின் தகப்பனார் பெயர் என்ன?

கல்யாண வீட்டிலோ கருமாதி வீட்டிலோ நாலு பெரியவர்கள் கூடிவிட்டால், பேச்சு எப்படியும் பரம்பரைக்கு வந்துவிடும். "எங்கள் முன்னோர் சோழன் படையில் குதிரைத் தளபதி" என்பார் ஒருவர். "நாங்கள் பாளையக்காரர் வழி" என்பார் மற்றவர். சரி ஐயா, உங்கள் பாட்டனாரின் தகப்பனார் பெயர் என்ன என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு நின்று காப்பி வரும்!

இந்த ஆசை நமக்கு மட்டும் உரியதன்று. 1415இல் அஜின்கோர்ட் போரில் சண்டையிட்ட 'சர்' பட்டத்துக் குதிரை வீரன் யாராவது தன் பாட்டனாக இருக்கமாட்டானா என்று தேடும் ஆங்கிலேயர் அநேகர். அவர்களுக்கு வசதியும் உண்டு. குலச்சின்னங்களைக் கவனிக்கவென்றே 1484இல் அரசர் ஒரு கழகம் அமைத்தார். 1530 முதல் 1688 வரை அதன் அதிகாரிகள் மாவட்டம் மாவட்டமாகச் சென்று, சின்னம் வைத்திருந்த குடும்பங்களின் வம்சாவளியை விசாரித்து எழுதினார்கள். 1538இல் ஒவ்வொரு தேவாலயமும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதிய வேண்டும் என்று உத்தரவாயிற்று. குடும்பப் பெயரும் தலைமுறைதோறும் மாறாமல் வரும். இவ்வளவும் இருந்தும், காசு கொடுத்தவருக்குப் பொய் வம்சாவளி எழுதிக் கொடுத்தவர்களும் அங்கே இருந்தார்கள்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பெருக்கல் சொல்லித்தர நல்ல கணக்கு. எனக்குப் பெற்றோர் 2 பேர், பாட்டன் பாட்டி 4 பேர், அதற்கு மேலே 8 பேர். தலைமுறைக்கு 25 வருடம் என்று வைத்தால் 600 வருடத்தில் 24 தலைமுறை. பெருக்கினால் 1,67,77,216 முன்னோர்! 1400ஆம் ஆண்டுவாக்கில் இங்கிலாந்தின் மொத்த ஜனத்தொகையே ஏறக்குறைய 20 முதல் 25 இலட்சம்தான். ஆகவே ஒரே ஆள் பல வழியில் பாட்டனாக வந்தே தீர வேண்டும். அங்கே வீரன் வழி வந்தவன், அந்த வீரனின் குதிரைக்குப் புல் அறுத்தவன் வழியிலும் வந்தவன்தான். நம்மிடம் அத்தை மகன், மாமன் மகள் கல்யாணம் வேறு இருக்கிறது. அப்படிக் கட்டிக்கொண்டவர்களின் பிள்ளைக்குப் பூட்டன் பூட்டி 8 பேருக்குப் பதில் 6 பேர்தான்.

தமிழ்நாட்டில் இப்படி எழுதிவைத்த வம்சாவளி உண்டா என்றால், உண்டு. பாளையக்காரர்களின் வம்சாவளிகளைக் கர்னல் மெக்கன்சி என்ற நில அளவை அதிகாரி (1821இல் காலமானவர்) ஆள் வைத்துத் திரட்டினார். அவர் திரட்டியவற்றில் ஒரு பகுதி சென்னைக் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. ஆனால் அவை பாளையம் ஆண்டவர்களின் கதை. ஏர் பிடித்தவனுக்கும் களை எடுத்தவளுக்கும் யார் வம்சாவளி எழுதினார்கள்?

அவர்களுக்குக் குலதெய்வம்தான் ஏடு. நம் தோட்டங்களில் சிறு கோயில் கொண்ட மதுரை வீரனைத் திருமலை நாயக்கர் காலத்தோடு (1623–1659) சேர்த்துச் சொல்வார்கள். அவரைக் கும்பிடுகிறவர் எல்லாரும் அவர் பேரப்பிள்ளைகள் அல்லர். ஆனால் "எங்கள் குலதெய்வம் இன்ன ஊர் இன்ன சாமி" என்று ஒரு பாட்டி சொன்னால் அதை உடனே எழுதிக்கொள்ளுங்கள். ஊரை மறந்தவர்கள்கூடச் சாமியை மறப்பதில்லை. அந்தக் கோயிலில் உங்கள் பங்காளிகள் இன்றும் பொங்கல் வைத்துக்கொண்டிருக்கலாம்.

நம் தேடலில் சிக்கல் பெயரில்தான் தொடங்குகிறது. தகப்பன் பெயரைப் பின்னால் போடுகிற வழக்கத்தால் ஒவ்வொரு தலைமுறையிலும் சங்கிலியின் ஒரு கண்ணிதான் தெரியும். கிராணி காதில் விழுந்தபடி எழுதியதால் அண்ணனுக்கு ஓர் எழுத்து, தம்பிக்கு வேறோர் எழுத்து. எனினும் ஒரு துப்பு உண்டு. பேரன் என்றால் பெயரன். மூத்த பேரனுக்குப் பாட்டன் பெயரை வைப்பது நம் வழக்கம். உங்கள் பெரியப்பா பெயர் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். ஒரு தலைமுறை மேலே ஏறிவிடலாம்.

அடுத்தது கங்காணி. 1938இல் இந்திய அரசு தடுக்கும்வரை, கங்காணிகள் தங்கள் சொந்த ஊரிலும் அக்கம்பக்கத்திலும்தான் பெரும்பாலும் ஆள் சேர்த்தார்கள். ஆகவே எந்தக் கங்காணி ஆள் என்று தெரிந்தால் ஊர் பாதி தெரிந்த மாதிரி. நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தத்தில் போன 1,52,000 பேருக்கு மேற்பட்டோரின் பெயர், தகப்பன் பெயர், ஊர் எல்லாம் கப்பல் பட்டியலில் இருக்கின்றன. நமக்கு அப்படி ஒரே இடத்தில் கிடைப்பதில்லை. 'ரஜூலா' கப்பலில் வந்தோம் என்பதோடு பலருடைய கதை நின்றுவிடுகிறது. 1926 முதல் 1973 வரை ஓடிய கப்பல் அது. எந்த வருடம் என்றும் கேட்க வேண்டாமா?

ஊர்ப் பெயரிலும் கவனம் தேவை. பாட்டி "திருச்சி ஜில்லா" என்றது இன்று பெரம்பலூர் மாவட்டமாக இருக்கலாம்; அது 1995இல் பிரிந்தது. "சேலம் ஜில்லா" 1997இல் பிரிந்த நாமக்கல்லாக இருக்கலாம். "வட ஆற்காடு" 1989இல் இரண்டாயிற்று. புதுக்கோட்டை 1948 வரை தனி சமஸ்தானம். ஊரின் பெயரோடு, சந்தைக்கு எந்த ஊர் போவார்கள் என்றும் கேட்டுக்கொண்டால் தடுமாற்றம் இராது.

காப்பார் வட்டாரத்தில் ரப்பர் நின்ற இடங்களில் இன்று வீடமைப்பும் தொழிற்சாலையும் நிற்கின்றன. தோட்டம் கைமாறியபோது செக்ரோல் புத்தகங்களைப் பத்திரப்படுத்தியவர்கள் குறைவு. அவற்றில்தான் நம்மவர் பெயர்கள் வரிசையாக இருந்தன. மிஞ்சியிருப்பது பழைய பிறப்புப் பத்திரமும், பாட்டிமார் ஞாபகமும். பத்திரம் இன்னும் சில காலம் பெட்டியில் கிடக்கும். பாட்டிக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டதே!

ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் ஒரு தாளில் நான்கு தலைமுறை எழுதிவரச் சொன்னேன். அம்மா வழியும் கட்டாயம். சாதி எழுதக்கூடாது என்றும் சொல்லிவிட்டேன். பெருமைக்கும் சிறுமைக்கும் அந்தத் தாளில் இடம் வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. ஒரு மாணவியின் தாளில் பூட்டனார் பெயருக்கு எதிரே, இறந்த இடம், வருடம் இரண்டும் காலியாக இருந்தன. ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துப் போனவராம். திரும்பவில்லை. எந்த நாளில் திவசம் கொடுப்பது என்று தெரியாமல் ஆடி அமாவாசையிலேயே கொடுத்து வருகிறார்களாம்.

தாளைத் திருத்திக் கொடுத்தேன். மறுநாள் பிள்ளை திரும்பக் கொண்டுவந்தாள். காலியிடத்தில் "சயாம்" என்று எழுதியிருந்தது. கீழே, அவள் பாட்டி சொல்லச் சொல்ல எழுதிய இன்னொரு வரி: "ஊர் துறையூருக்குப் பக்கம். நன்றாக உடுக்கை அடிப்பார்."